எந்த ஸ்டேஷனில் இறங்குவீர்கள்? பெங்களூர்த் தமிழர்கள் குடும்ப வேரைத் தேடும் வழி

பெங்களூரில் மூன்று நான்கு தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் சொந்த ஊரைக் கேட்டால் "வேலூர்ப் பக்கம்", "தர்மபுரிப் பக்கம்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்துக்கும் போக முடியாது. தமிழ்நாட்டில் நிலப் பதிவேடு, பத்திரப் பதிவு, பழைய பிறப்புப் பதிவேடு எல்லாமே கிராமத்தின் பெயரில் அடுக்கப்பட்டவை. ஆள் பெயரை மட்டும் சொல்லித் தேடச் சொன்னால் எழுத்தர் கையை விரித்துவிடுவார். எனவே கொடிவழி எழுதத் தொடங்குபவர் முதலில் ஊரின் பெயரை வட்டத்தோடு சேர்த்து உறுதிசெய்ய வேண்டும். ஐந்தாம் தலைமுறைப் பாட்டன் பெயர் அதற்குப் பிறகு தானாகக் கிடைக்கும்.

அயல்நாட்டு வழிகாட்டிகளைப் படித்துவிட்டு "மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடலாமா?" என்று கேட்பவர்கள் நிறைய. நம் நாட்டில் கணக்கெடுப்பின் தனிநபர் விவரங்கள் யாருக்கும் காட்டப்படுவதில்லை. அந்த எண்ணத்தை இப்போதே விட்டுவிடலாம். நமக்கு இருப்பவை வேறு ஆவணங்கள். அவற்றில் பாதி உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன.

பரணும் பீரோவும்

முதல் ஒரு மாதம் வெளியே எங்கும் போகாதீர்கள். உங்கள் வீட்டிலும் பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா வீடுகளிலும் உள்ள பழைய காகிதங்களைப் பார்த்து முடியுங்கள். கல்யாணப் பத்திரிகையை எல்லோரும் எடுத்து வைப்பார்கள். அதைவிடப் பயனுள்ளது கருமாதிப் பத்திரிகை. கல்யாணப் பத்திரிகையில் மரியாதைக்காகத் தூரத்து உறவுகளின் பெயரும் ஏறியிருக்கும். கருமாதிப் பத்திரிகையில் இறந்தவரின் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் வரிசையாக இருப்பார்கள். இறந்த தேதியும் இருக்கும்.

அடுத்தது மொய் நோட்டு. பலர் இதைக் காகிதக் குப்பை என்று போட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து போடாதீர்கள். பெயர், ஊர், தொகை என்று ஒவ்வொரு வரியிலும் இருப்பதால், சொந்த ஊரைக் கண்டுபிடிக்க இதற்கு இணையான வீட்டு ஆவணம் கிடையாது. ஒரே கிராமத்தின் பெயர் பத்து வரிகளில் வந்தால் அங்கே உறவுக் கூட்டம் இருக்கிறது என்று பொருள். தாய்மாமன் மொய் தனியாகவோ முதலிலோ எழுதப்பட்டிருக்கும். அந்த வரியிலிருந்து பெண்வழி ஊர் தெரியும்.

பித்தளை, வெண்கலப் பாத்திரங்களைத் திருப்பிப் பாருங்கள். சீராக வந்த பாத்திரத்தில் கொடுத்தவர் பெயரோ முன்னெழுத்தோ தேதியோ வெட்டியிருப்பார்கள். பழைய புகைப்படத்தின் பின்புறத்தில் ஸ்டுடியோ முத்திரை இருந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். குடியாத்தத்து ஸ்டுடியோவில் எடுத்த கல்யாணப் படம், கல்யாணம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் நடந்திருக்கலாம் என்பதற்குத் தடயம்.

ஸ்கேன் செய்யும்போது காகிதங்களுக்கு 300 டிபிஐ போதும். புகைப்படங்களுக்கு 600, பாஸ்போர்ட் அளவுப் படங்களுக்கு 1200 வையுங்கள். பின்புறம் வெறுமையாக இருந்தாலும் அதையும் எடுங்கள். முன்பக்கத்தோடு சேர்ந்த கோப்பாக இருக்கட்டும். கோப்புப் பெயரில் ஆண்டு, ஆவண வகை, யார் வீட்டில் இருக்கிறது என்ற மூன்றும் இருந்தால் பிறகு குழப்பம் வராது. பழைய காகிதத்தை லேமினேட் செய்யவே கூடாது. சூட்டில் மை மங்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. செல்லோடேப்பும் வேண்டாம், சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும்.

பெரியவர்களிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது

"நம்ம வம்சத்தைப் பத்திச் சொல்லுங்க பாட்டி" என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். கேள்வி சின்னதாக, அவர் கண்ணால் பார்த்ததைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

சொந்த ஊருக்கு நாங்கள் பரிந்துரைக்கும் கேள்வி இதுதான்: "சின்ன வயசுல ஊருக்குப் போகும்போது எந்த ஸ்டேஷன்ல இறங்குவீங்க?" சென்னைப் பக்கத்திலிருந்து ஜோலார்பேட்டை வழியாகப் பெங்களூர் கண்டோன்மென்ட்டுக்கு ரயில் வந்தது 1864-ல். வட ஆற்காட்டிலிருந்து இங்கே வந்த குடும்பங்கள் பலவற்றுக்கு அந்தப் பாதைதான் போக்குவரத்து. பங்காருப்பேட்டை, குப்பம், ஜோலார்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம், காட்பாடி, வாலாஜா ரோடு, சோளிங்கர், அரக்கோணம் என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். ஊர்ப் பெயரை மறந்தவருக்கும் ஸ்டேஷன் பெயர் நினைவுக்கு வரும். பிறகு, "அங்கிருந்து வண்டியா, நடையா? எவ்வளவு நேரம்? வழியில ஆறு தாண்டணுமா? சந்தை எந்த ஊர்ல, என்னைக்கு?" என்று தொடருங்கள். மாட்டுவண்டியில் இரண்டு மணி நேரம் என்றால் ஸ்டேஷனிலிருந்து ஏறத்தாழ பத்து கிலோமீட்டருக்குள் தேடினால் போதும். புதூர், மேட்டூர் போன்ற பெயர்கள் வட்டத்துக்கு நாலைந்து இருக்கும் என்பதால் இந்தத் துணைக் கேள்விகள் அவசியம்.

ஆண்டு கேட்டால் பெரியவர்கள் தடுமாறுவார்கள். நிகழ்ச்சியை வைத்துக் கேளுங்கள். வீனஸ் சர்க்கஸ் தீப்பிடித்தபோது (1981 பிப்ரவரி) மாமா பிறந்துவிட்டாரா? காவிரிக் கலவரத்தின்போது (1991 டிசம்பர்) தாத்தா இருந்தாரா? கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடியபோது (2001) யார் யார் வேலையில் இருந்தார்கள்? இன்னும் பின்னால் போனால் 1898 பிளேக், அதற்கும் முன்னால் தாது வருஷப் பஞ்சம். "பஞ்சத்துல வந்தவங்க நாம" என்று சொல்லும் குடும்பங்கள் இங்கே நிறைய. தாது வருஷம் 1876 ஏப்ரலில் தொடங்கியது. அந்தப் பஞ்சம் 1878 வரை நீடித்தது. ஆனால் அந்தச் சொல்லை மட்டும் நம்பி ஆண்டை எழுதிவிட வேண்டாம். வேறு பஞ்சத்தில் வந்தவர்களும் பேரப்பிள்ளைகள் வாயில் தாது வருஷத்தில் வந்தவர்களாகிவிடுவதுண்டு.

உறவைப் பிரித்தறிவதில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். பெரியப்பா, சித்தப்பா என்று அழைப்பதால் மட்டும் ஒருவர் அப்பாவின் உடன்பிறந்தவர் ஆகிவிடமாட்டார். ஒரே தெருவில் வாழ்ந்தவர், ஒரே மில்லில் வேலை பார்த்தவர்கூட அப்படி அழைக்கப்படுவார். அதனால் முறைப்பெயரை விட்டுவிட்டுச் சடங்கைக் கேளுங்கள். "அவங்க வீட்டுல சாவு விழுந்தா நமக்குத் தீட்டு உண்டா?" தீட்டு உண்டென்றால் பங்காளி, ஆண்வழியில் எங்கோ ஒரு பாட்டனில் சேர வேண்டும். "அவங்க வீட்டுல பொண்ணு எடுக்கலாமா?" எடுக்கலாம் என்றால் மாமன் மச்சான் வகை. "நம்ம வீட்டுச் சாவுக்குக் கோடித்துணி எடுத்துட்டு வந்தது யாரு?" என்பதற்குப் பதில் பெரும்பாலும் பிறந்த வீட்டாராகவோ சம்பந்தி வீட்டாராகவோ இருக்கும். இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் கிடைத்தால் கொடிவழியில் அவரை எந்தக் கிளையில் வைப்பது என்பது பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஒரு அமர்வு முக்கால் மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம். முடிந்தால் இரண்டு பெரியவர்களைச் சேர்த்து உட்கார வையுங்கள். ஒருவர் தவறினால் மற்றவர் திருத்துவார். போன் ஒலிப்பதிவில் இயங்கினாலும் கையில் நோட்டும் இருக்கட்டும். பேசுபவர் பெயர், தேதி, இடம் மூன்றையும் பதிவின் தொடக்கத்தில் வாயால் சொல்லிவிடுங்கள். இரண்டாம் தாரம், தத்து, ஊரை விட்டு வந்த காரணம் போன்றவை முதல் அமர்வில் வர வேண்டாம். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவை நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்திவிடுங்கள்.

எழுதி வைக்கும் முறை

ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுங்கள். உங்களை 1 என்று வைத்து, அப்பா 2, அம்மா 3, எந்த எண்ணையும் இரட்டித்தால் அவர் தந்தை, அதோடு ஒன்று கூட்டினால் தாய் என்ற முறை உலகெங்கும் உண்டு. நம் குடும்பங்களில் அது விரைவில் சிக்கலாகும். அக்காள் மகளைக் கட்டியவர், அத்தை மகனைக் கட்டியவர் இருக்கும் வீட்டில் ஒரே பாட்டிக்கு இரண்டு மூன்று எண்கள் விழும். எனவே தொடர் எண் கொடுத்து, உறவுகளைத் தனியாகக் குறியுங்கள். கிராம்ப்ஸ் போன்ற இலவச மென்பொருளில் ஒருவரை ஒரே முறை பதிந்து எத்தனை கிளைகளோடு வேண்டுமானாலும் இணைக்கலாம். அவ்வப்போது ஜெட்காம் வடிவில் ஒரு பிரதியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த மென்பொருளுக்கு மாறினாலும் அந்தக் கோப்பு திறக்கும்.

பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் இன்னொரு பெரிய கண்ணி. க. முருகேசன், அவர் மகன் மு. கண்ணன், அவர் மகன் க. முருகேசன். இடையில் ஐம்பது ஆண்டு இடைவெளி இருந்தாலும் பெயரும் முன்னெழுத்தும் அப்படியே இருக்கும். 1920களின் பத்திரத்தில் உள்ள முருகேசனையும் 1970களின் ரேஷன் கார்டில் உள்ள முருகேசனையும் ஒரே ஆளாக்கிவிட்டால் இரண்டு தலைமுறை காணாமல் போய்விடும். தந்தை பெயர், மனைவி பெயர், ஊர் மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போகாமல் யாரையும் ஒன்றாக இணைக்காதீர்கள்.

பெங்களூரில் எழுத்துக்கூட்டலும் சேர்ந்துகொள்கிறது. முனுசாமி, முனிசாமி, முனிஸ்வாமி மூன்றும் ஒருவராக இருக்கலாம். கன்னடத்தில் இன்று ழகரம் இல்லாததால் ஏழுமலை அங்கே ஏளுமலை ஆவார், சில இடங்களில் யேளுமலை என்றும் ஏறியிருப்பார். அகரவரிசையில் அவரை வேறு இடத்தில் தேட வேண்டும். ககரம், சகரம், தகரம், பகரத்தில் தொடங்கும் பெயர்களுக்குக் கன்னடத்தில் இரண்டு மூன்று எழுத்துகளின் கீழும் பாருங்கள்.

பள்ளிச் சான்றிதழின் பிறந்த தேதியை அப்படியே நம்பாதீர்கள். ஜூன் மாதம் பள்ளியில் சேர்ப்பதற்காக வாத்தியார் போட்டுக்கொடுத்த தேதிகள் ஏராளம். ஜூன் 1 போன்ற தேதியைக் கண்டால் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வையுங்கள். ஒவ்வொரு தகவலுக்கும் எதிரே அது எங்கிருந்து வந்தது என்று எழுதுவதை முதல் நாளிலிருந்தே பழகுங்கள். "பெரியத்தை சொன்னது", "1962 பத்திரம்" என்ற அளவில் எழுதினாலே போதும்.

வருஷக் கணக்கு

ஜாதகம், கல்லறை, பத்திரம் மூன்றிலும் ஆங்கில ஆண்டு இல்லாமல் போகலாம். தமிழ் வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். பிரபவ என்பது 1867, 1927, 1987-ல் தொடங்கியது. சித்திரபானு பதினாறாவது, ஆக 1882 அல்லது 1942. எது சரி என்பதைக் கிழமையும் நட்சத்திரமும் தீர்த்துவைக்கும். ஜாதகத்தில் கிழமை எழுதாமல் இருக்க மாட்டார்கள். பழைய பஞ்சாங்கம் வைத்திருக்கும் ஜோதிடர் ஒருவர் இரண்டு ஆண்டுகளையும் ஒப்பிட்டுச் சொல்லிவிடுவார். தை, மாசி, பங்குனி மாதங்களுக்கு ஆங்கில ஆண்டில் ஒன்று கூட வேண்டும்: சித்திரபானு தை என்பது 1943 ஜனவரி. இதை மறந்து ஓராண்டு பிசகும் தவறு மிகச் சாதாரணம்.

வருவாய்த் துறைக் காகிதங்களில் பசலி என்ற வருவாய் ஆண்டு வரும். பசலி ஜூலை 1-ல் தொடங்கும். அதோடு 590 கூட்டினால் தொடங்கும் ஆங்கில ஆண்டு. பசலி 1350 என்றால் 1940 ஜூலை முதல் 1941 ஜூன் வரை. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்துக் குடும்பங்களுக்குக் கொல்லம் ஆண்டு வரும். 1100 என்பது 1924 ஆகஸ்டில் தொடங்கியது.

பழைய எண்களையும் பழகிக்கொள்ளுங்கள். ரு போலத் தெரிவது 5, சு போல இருப்பது 6, எ போல 7, அ போல 8, கூ போல 9. ௧௯௨௫ என்று வெட்டிய கல்லும் உண்டு, ௲௯௱௨௰௫ என்று வெட்டிய கல்லும் உண்டு. இரண்டும் 1925 தான். ௵ என்பது வருஷம், ௴ மாதம், ௳ நாள், ௸ மேற்படி. பத்திரத்தில் ௸ வரும் இடங்களில், எந்தப் பெயரைக் குறிக்கிறது என்று முந்தைய வரிகளுக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

பெங்களூரில் என்னென்ன கிடைக்கும்

1947 வரை இந்த நகரம் இரண்டு ஆட்சிகளில் இருந்தது. அல்சூர், சிவாஜிநகர், ஃபிரேசர் டவுன் முதலியவை 1809-ல் உருவான கண்டோன்மென்ட்டின் வழியில் வந்தவை. 1881-க்குப் பின் அவை பிரிட்டிஷ் ரெசிடென்ட்டின் கீழ் சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷனாக இருந்தன. பேட்டையும் அதைச் சுற்றிய பகுதிகளும் மைசூர் அரசின் கீழ். 1949-ல்தான் இரண்டு நகராட்சிகளும் ஒன்றாகி மாநகராட்சி ஆயின. பழைய காகிதம் தேடும்போது தாத்தா எந்தப் பக்கம் குடியிருந்தார் என்பதை முதலில் தீர்மானியுங்கள். ஆட்சி தொடர்பான பழைய கோப்புகள் கர்நாடக மாநில ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அங்கே குடும்பப் பெயர்ப் பட்டியலை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஒப்பந்ததாரர், அரசு ஊழியர், மனுக் கொடுத்தவர் என்று உங்கள் ஆள் ஏதாவது கோப்பில் வந்திருக்க வாய்ப்பிருந்தால் மட்டும் போங்கள்.

பிறப்பு, இறப்புப் பதிவில் அடிப்படை விதி: நிகழ்ச்சி நடந்த இடத்தில் பதிவு, குடியிருந்த இடத்தில் அல்ல. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவது வழக்கம் என்பதால், பெங்களூர்க் குடும்பத்தின் மூத்த பிள்ளையின் பிறப்புப் பதிவு தமிழ்நாட்டுக் கிராமத்தில் இருக்கும், இளையவர்களுடையது இங்கே இருக்கும். மூத்தவர் பதிவு இங்கே இல்லை என்றால் சோர்ந்துவிடாதீர்கள். பாட்டியின் பிறந்த ஊரைக் காட்டும் தடயம் அது. பழைய பதிவுகளில் குழந்தைக்குப் பெயர் இருக்காது. "ஆண்", "பெண்" என்று மட்டும் இருக்கும். எனவே தந்தை பெயரையும் தேதியையும் வைத்துத் தேடச் சொல்லுங்கள், முன்னும் பின்னும் ஓராண்டு சேர்த்து. 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பதிவேட்டில் தேடக் கேட்டு நகல் பெறலாம். இறப்பு நகலில் மரணக் காரணம் மட்டும் வராது. பதிவு இல்லை என்று எழுத்தில் சான்று தந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். அதே ஆண்டை இன்னொருவர் மறுபடி தேட வேண்டியதில்லை.

சொத்துக்காக வாங்கிய வம்சவிருட்சச் சான்று கர்நாடகக் குடும்பங்களில் இருக்கும், தமிழ்நாட்டுக் கிளையில் வாரிசுச் சான்று இருக்கும். இரண்டும் நல்ல தொடக்கம். சொத்துப் பங்கீட்டுக்காக எழுதியவை என்பதால் சிறுவயதில் இறந்த குழந்தைகள் பெரும்பாலும் விடுபட்டிருப்பார்கள்.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு பெரிய கொடை. பழையவை லத்தீனில் இருக்கும்: நாத்துஸ் பிறந்தது, பாப்திசாத்துஸ் ஞானஸ்நானம், ஃபிலியுஸ் மகன், ஃபிலியா மகள், பாத்ரினுஸ் ஞானத்தகப்பன், செபுல்துஸ் அடக்கம். பெயரும் மாறியிருக்கும். வீட்டில் இராயப்பன் என்றால் பதிவேட்டில் பேதுரு வடிவம், சின்னப்பன் பவுல், அருளப்பன் யோவான், சூசை யோசேப்பு. ஞானஸ்நான வரியின் ஓரக் குறிப்பை விடாமல் பாருங்கள்; பின்னாளில் எந்தக் கோயிலில் யாரோடு திருமணம் நடந்தது என்று அங்கே எழுதியிருப்பார்கள். பங்குத்தந்தையிடம் முன்கூட்டி எழுத்தில் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை போய் நிற்பது வீண். சீர்திருத்தச் சபையினர் மில்லர்ஸ் ரோட்டில் உள்ள ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகத்தையும் பார்க்கலாம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டில் இரு வீட்டுத் தந்தை பெயரும் சாட்சிகளும் கிடைப்பார்கள்.

மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு 1834-ல் பெங்களூருக்கு வந்தது. அல்சூர்த் தமிழர்களில் அந்தப் பிரிவின் வாரிசுகள் உண்டு. சிப்பாயின் பணி விடுவிப்புப் புத்தகத்தில் கிராமம், வட்டம், தந்தை பெயர் மூன்றும் இருக்கும்; படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதப் பணி எண் அவசியம். உலகப் போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடுங்கள். இந்தியச் சிப்பாய்கள் பலருக்கு அங்கே தந்தை பெயரும் கிராமமும் உண்டு. எச்ஏஎல், ஐடிஐ, எச்எம்டி, பிஇஎல், பின்னி மில், தங்கவயல் சுரங்கம் என்று எங்கே வேலை பார்த்திருந்தாலும் வீட்டில் உள்ள பிஎஃப் நாமினித் தாள், பணிச் சான்று, டோக்கன் எண் எதையும் தவறவிடாதீர்கள். நாமினித் தாளில் "நிலையான முகவரி" என்ற கட்டம் இருந்தால் பல நேரம் கிராமத்தின் பெயர் அங்கே கிடைத்துவிடும்.

ஊருக்குப் போகும் முன்

மாவட்டப் பெயரைச் சரிசெய்துகொள்ளுங்கள். தாத்தா காலத்து வட ஆற்காடு 1989-ல் பிரிந்தது. 2019-ல் வேலூரிலிருந்து திருப்பத்தூரும் ராணிப்பேட்டையும் தனியாகின. தர்மபுரி 1965 வரை சேலத்தில் இருந்தது. கிருஷ்ணகிரி 2004-ல் தர்மபுரியிலிருந்து பிரிந்தது. திருத்தணி 1960-ல்தான் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழகத்துக்கு வந்தது. பத்திரத்தில் உள்ள பழைய மாவட்டத்தையும் இன்றைய மாவட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

சார்பதிவாளர் அலுவலகம்தான் நாம் தேட வேண்டிய முக்கியமான இடம். 1975 முதலான வில்லங்க விவரத்தை, அதாவது சொத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியலைத் தமிழகப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பெரும்பாலும் பார்த்துவிடலாம். அதற்கு முந்தையவற்றுக்கு நேரில் மனுப் போட வேண்டும். சொத்துப் பத்திரங்கள் பதியப்படும் முதல் புத்தகத்துக்குப் பெயர்வாரி அட்டவணையும் சொத்துவாரி அட்டவணையும் உண்டு; கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். உயில்கள் மூன்றாம் புத்தகத்தில். எழுதியவர் இறந்தபின் யார் கேட்டாலும் நகல் தரலாம் என்பதே சட்டம். கிரயப் பத்திரத்தைவிடப் பாகப்பிரிவினைப் பத்திரத்தைத் தேடுங்கள். அண்ணன் தம்பிகள் எல்லோரும் தந்தை பெயரோடு ஒரே தாளில் கிடைப்பார்கள். நான்கெல்லையில் வரும் நிலக்காரர்களின் பெயர்களையும் எழுதுங்கள், பாதிப் பேர் பங்காளிகளாக இருப்பார்கள்.

கிராமத்தில் கணக்குப்பிள்ளை, முன்சீப் பதவிகள் 1980-ல் ஒழிக்கப்பட்டன. அவர்கள் கையில் இருந்த பழைய பதிவேடுகள் எல்லாம் இன்றைய கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் என்று எண்ண வேண்டாம். வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள்.

குலதெய்வக் கோயிலைத் திருவிழா நாளில் போய்ப் பாருங்கள், ஆனால் பூசாரியிடம் விசாரிக்க வேறொரு நாள் வையுங்கள். தலைக்கட்டு வரி நோட்டு பல கோயில்களில் உண்டு. வரி கொடுக்கும் பங்காளி வீடுகள் அதில் வரிசையாக இருக்கும். வரி கட்டாமல் விட்டுப்போன பெங்களூர்க் கிளையின் பெயரும் பழைய நோட்டில் கிடைக்கலாம். தெய்வத்தின் பெயர் மட்டும் தெரிந்து ஊர் தெரியாத நிலையில் கிளம்பாதீர்கள். பச்சையம்மனும் முனீஸ்வரனும் இல்லாத ஊர் அந்தப் பக்கம் குறைவு.

குழுவாகச் சேர்ந்து செய்வது

இந்த வேலையைத் தனியாகச் செய்தால் ஆறு மாதத்தில் அலுத்துவிடும். ஆறிலிருந்து பத்துப் பேர், மாதம் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம். ஒவ்வொருவரும் ஒரே ஒரு சிக்கலைக் கொண்டுவர வேண்டும். கன்னடக் கையெழுத்து படிப்பவர் ஒருவர், பழந்தமிழ்ப் பத்திரம் படிப்பவர் ஒருவர், பஞ்சாங்கம் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் குழு நிலைக்கும். திருப்பத்தூர் போகிறவர் மற்ற மூன்று பேரின் தேடலையும் எடுத்துப் போகலாம். தேடியும் கிடைக்காதவற்றுக்கு என்று ஒரு பொது நோட்டு வையுங்கள்: அலுவலகம், பதிவேடு, ஆண்டு, தேடிய தேதி.

குழு செய்யக்கூடிய பொதுப்பணிகளில் அவசரமானது கல்லறை எழுத்துகளைப் பதிவது. கல்பள்ளியிலும் ஹோசூர் ரோட்டிலும் தமிழ் எழுத்துள்ள கற்கள் உள்ளன. இடநெருக்கடியால் பழைய குழிகளில் மறுபடி அடக்கம் நடக்கிறது. கல் ஓரத்துக்குப் போகும், பிறகு மறையும். பொறுப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே உள்ளே போங்கள். இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, ஒருவர் படம் எடுக்க, ஒருவர் எழுத வேண்டும். வரிசைக்கு எழுத்து, கல்லுக்கு எண் என்று வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள்.

காலை ஏழரைக்குள் தொடங்குங்கள். சாய்வெயில் பக்கவாட்டில் விழும்போது வெட்டெழுத்து தானாகத் தெரியும். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. நிழலில் உள்ள கல்லுக்கு ஒரு கண்ணாடியால் வெளிச்சத்தைப் பக்கத்திலிருந்து திருப்பினால் போதும். சுத்தம் செய்ய வெறும் தண்ணீரும் மென்மையான நைலான் பிரஷும் மட்டும். கம்பி பிரஷ், ஆசிட், சோப்பு எதுவும் கூடாது. எழுத்து தெரிவதற்காகச் சாக்பீஸ், மாவு, எண்ணெய் தடவுவதும் கல்லைக் கெடுக்கும். பாசி பிடித்து உதிரும் கல்லைத் தொடவே வேண்டாம், படம் மட்டும் எடுங்கள். எழுதும்போது பிழையைத் திருத்தாதீர்கள். கல்லில் "இரந்தார்" என்று இருந்தால் அப்படியே எழுதுங்கள். படிக்க முடியாத எழுத்துக்கு ஒரு புள்ளி, ஊகித்த எழுத்துக்குப் பக்கத்தில் கேள்விக்குறி. வீட்டுக்கு வந்ததும் அன்றே தட்டச்சுச் செய்து, வேறொருவர் படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும்.

தொகுத்ததை உறவினர்களுக்கு அனுப்பும்போது உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி, ஆதார் நகல் எதுவும் போக வேண்டாம். அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் வங்கிகளின் பாதுகாப்புக் கேள்வியாகவும் இருக்கிறது. உயிரோடு இருப்பவர்கள் கட்டத்தில் பெயர் மட்டும் இருக்கட்டும். தத்து, மறுமணம் பற்றிய குறிப்புகளைச் சம்பந்தப்பட்டவர் சம்மதிக்கும்வரை உங்கள் பிரதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அச்செடுத்த ஒரு பிரதியை ஊரில் இருக்கும் பங்காளி வீட்டுக்கும், இன்னொன்றைத் தாய்மாமன் வீட்டுக்கும் கொடுங்கள், இடதுபக்கம் மூன்று அங்குலம் வெற்றிடம் விட்டு. பெண்வழிப் பெயர்கள் விடுபட்டிருந்தால் அவர்கள் அங்கே பேனாவால் எழுதித் திருப்பி அனுப்புவார்கள். அந்தத் திருத்தங்களோடுதான் இரண்டாம் சுற்று தொடங்கும்.